கேட்காமலே வந்த ‘சரி’

ஜூன் 3, திங்கள்

இதை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. எங்கள் முதலாளி ரங்கராஜ் சாரின் உத்தரவு. போன வாரம் ஆபீசில் ஒரு கீபோர்டு உடைந்தது. அதற்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “பூபதி, தெனமும் நாலு வரி எழுது. கோவம் எறங்கும். என்ற பிரஷருக்கு டாக்டர் இதைத்தான் சொன்னாரு” என்றார். கீபோர்டு மேஜையிலிருந்து கீழே விழுந்ததுதான். கொஞ்சம் தள்ளி விழுந்தது. எதிர்ச் சுவரில் விழுந்தது.

நான் கோபக்காரன் இல்லை. மந்தமான ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

எழுதுவது என்று ஆகிவிட்டால் அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். லேப்டாப்பில் ஒரு சின்ன புரோகிராம் போட்டுவிட்டேன். திறந்தால் தேதி தானாக வந்து நிற்கும். கடைசி வரியும் தானாக வரும். உடம்பு, வேலை, வீடு என்று மூன்று. மூன்றுக்கும் ‘சரி’ என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறேன். தினமும் யார் தட்டிக்கொண்டிருப்பது? மாற்ற வேண்டிய நாளில் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் கம்பெனி கணபதி ஏரியாவில் இருக்கிறது. தொழிற்சாலை மெஷின்களை ஓட்டும் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். தகட்டை அச்சில் வைத்து அமுக்கும் பவர் பிரஸ், ஹைட்ராலிக் பிரஸ், தகடு வெட்டும் மெஷின், வளைக்கும் மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டருக்குள் அதன் நகலாக ஓர் ஆப்ஜெக்ட் இருக்கும். அதை உண்டாக்க எங்களிடம் மெஷினுக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோடு, அதாவது புரோகிராம் வரிகள். ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்தது. ஒன்றில் திருத்தினால் எல்லாவற்றிலும் திருத்த வேண்டும். எவனோ ஒரு சோம்பேறி ஆரம்பித்து வைத்ததை எல்லாரும் சுமக்கிறோம். நாளைக்கு இதை வெட்டிச் சாய்க்கப் போகிறேன்.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் மாற்றினேன். என் மனைவி நர்மதா ரசம் வைத்திருந்தாள். உப்பு குறைவு. சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

உடம்பு: சரி. வேலை: சரி. வீடு: சரி.

ஜூன் 5, புதன்

முடித்துவிட்டேன். இப்படி ஒரு அழகான கோடு எங்கள் கம்பெனி பிறந்ததிலிருந்து யாரும் எழுதியதில்லை. இதை நானே சொல்லிக்கொள்வதற்கு வெட்கமில்லை, வேறு எவனும் சொல்லப்போவதில்லை.

விஷயம் இதுதான். ஜெனரிக்ஸ் என்று ஒன்று உண்டு. மெஷினின் வகையை எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு ஒரே ஒரு கோடு எழுதுவது. அப்புறம் அந்தக் காலி இடத்தில் பிரஸ் என்று போட்டால் பிரஸ் பிறக்கும், வெட்டும் மெஷின் என்று போட்டால் அது பிறக்கும். ஒரே அச்சு, எத்தனை வார்ப்பு வேண்டுமானாலும். அதற்கு நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: எந்த மெஷினாக இருந்தாலும் கையில் ஒன்றும் கொடுக்காமலே பிறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய கோட்டில் அப்படியில்லை. ஒரு பிரஸ்ஸை உண்டாக்க வேண்டுமென்றால் அதன் முன்கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரைக் கையோடு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால், எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் கத்தும், மேலே போகவிடாது. நான் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டேன். சென்சாரை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். மெஷின் முதலில் பிறக்கட்டும். இப்போது கம்பைலர் வாயைத் திறப்பதில்லை. அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ரங்கராஜ் சார் முதுகில் ஓங்கித் தட்டினார். “சிங்கம்டா நீ. அரசூர்ல பழைய பிரஸ் ஒண்ணுக்கு இதைத்தான் போடறோம்” என்றார். முதுகு இன்னும் எரிகிறது.

உடம்பு: சரி. வேலை: சரி. வீடு: சரி.

ஜூன் 7, வெள்ளி

நர்மதாவும் எங்கள் கம்பெனிதான். டெஸ்டிங். நாங்கள் எழுதுவதை ஓட்டிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. வீட்டில் வாயே திறக்காதவள் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு குற்றம் சொல்லுவாள்.

இன்றைக்கு மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாள். என்னைப் பார்க்கவில்லை, ரங்கராஜ் சாரைப் பார்த்துப் பேசினாள்.

“சார், கதவு சென்சாரே மாட்டாம ஒரு பிரஸ்ஸை உண்டாக்கிப் பாத்தேனுங்க. கதவு மூடியிருக்குன்னு காட்டுது.”

இது ஒரு கண்டுபிடிப்பா? கதவின் நிலைக்கு நான் இரண்டு வார்த்தைதான் வைத்திருக்கிறேன்: மூடியது, திறந்தது. முதலில் எழுதிய ‘மூடியது’க்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் எண் பூஜ்யம். வெறுங்கையோடு பிறக்கும் ஆப்ஜெக்டில் எல்லாமே பூஜ்யமாகத்தான் இருக்கும். சென்சாரை மாட்டியதும் அது உண்மையைச் சொல்லப்போகிறது.

“சென்சார் மாட்டாம எவன் பிரஸ்ஸை ஓட்டுவான்?” என்றேன்.

“அரசூர்ல ஓட்டுவாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. “பூஜ்யத்துக்கு ‘தெரியாது’ன்னு ஒண்ணு வச்சிரலாம் சார். தெரியலைன்னா மெஷின் நிக்கட்டும்” என்றாள். சொல்லிவிட்டுக் குறையைச் சிஸ்டத்தில் ஏற்றியும்விட்டாள். என் பெயருக்கு நேரே சிவப்பில் நின்றது.

வீட்டுக்கு வந்து அதைப்பற்றிப் பேசினோம். பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது. பக்கத்து வீட்டு ஜெயந்தி அக்கா கதவைத் தட்டி, “டிவி சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டு டிவி பொங்கலிலிருந்து ஓடுவதில்லை. ரிமோட் பட்டுக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது.

நர்மதா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் வீக்கம். துணியில் ஐஸைச் சுற்றி நான்தான் வைத்துவிட்டேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உடம்பு: சரி. வேலை: சரி. வீடு: சரி.

ஜூன் 8, சனி

காந்திபுரம் போய் பாத்ரூமுக்கு ரப்பர் மிதியடி வாங்கினேன். அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் குமிழ்கள் வைத்தது. யானை மிதித்தாலும் நகராது என்றார் கடைக்காரர். தக்காளி, பால், ஒரு கட்டு கொத்தமல்லி.

உடம்பு: சரி. வேலை: சரி. வீடு: சரி.

ஜூன் 11, செவ்வாய்

நர்மதா அந்தக் குறையைச் சிஸ்டத்தில் அவளாகவே மூடிவிட்டாள். ‘பிழை இல்லை’ என்று எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. இடது கையால் தட்டியிருக்கிறாள், வலது மணிக்கட்டில் இன்னும் கட்டு. பட்டுத்தான் சிலருக்குப் புத்தி வருகிறது. மெஷின்களைத்தான் சொல்கிறேன்.

ஆபீசில் ஒரு பெண் அவளிடம் கையில் என்ன என்று கேட்டாள். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள். அப்படியே. ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அரசூரில் சாஃப்ட்வேர் ஏற்றியாகிவிட்டது.

உடம்பு: சரி. வேலை: சரி. வீடு: சரி.

ஜூன் 14, வெள்ளி

எழுதியே தீர வேண்டும்.

காலையில் அரசூர் ஆலையிலிருந்து போன். பிரஸ்ஸில் ஒரு ஆளின் கை போய்விட்டது. ரங்கராஜ் சாரும் நானும் காரில் பறந்தோம். வழி முழுக்க அவர், “நம்ம மேல ஒண்ணுமில்லயில்ல? ஒண்ணுமில்லயில்ல?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் சின்னராசு. என் வயதுதான் இருக்கும். மெஷினை யாரும் கழுவவில்லை. அச்சின் மேல் ரத்தம் கருத்துத் தடித்துக் கிடந்தது. தகடும் கையுறையும் உள்ளே இருந்ததும் ஒன்றாக அமுங்கிப் போயிருந்தன. எது துணி, எது சதை என்று தெரியவில்லை. எண்ணெய் நாற்றத்தோடு கறிக்கடை நாற்றம். ரங்கராஜ் சார் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். நான் திரையைப் பார்த்தேன். முன்கதவு அகலத் திறந்து கிடக்கிறது. திரையில் பச்சை எழுத்தில் ‘கதவு மூடியது’ என்று இருக்கிறது.

கதவுக்கு மேலே சென்சாரின் ஒயர் சுருட்டி டேப் ஒட்டி வைத்திருந்தது. எலக்ட்ரீஷியன் லீவு, திங்கட்கிழமை வந்து மாட்டுவான் என்று உற்பத்தியை ஆரம்பித்திருக்கிறார்கள்.

அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பாடம் ஒன்றுதான்: கதவு திறந்திருந்தால் பிரஸ் இறங்காது. தகடு சிக்கினால் கதவைத் திற, கையை விட்டு எடு. சின்னராசு தினமும் செய்வதைத்தான் செய்திருக்கிறான். கதவைத் திறந்து கையை உள்ளே விட்டான். பிரஸ் இறங்கியது. மணிக்கட்டுக்கு மேலே நசுக்கி, மறுபடி ஏறி, நிற்காமல் இன்னொரு தடவையும் இறங்கியிருக்கிறது. அதற்குத் தெரிந்தவரை கதவு மூடித்தானே இருந்தது.

“இதுக்குப் புரோகிராம் எழுதினவன் எவன்டா?” என்று ஒருத்தன் கேட்டான். ரங்கராஜ் சார் வாசலில் இருந்தபடியே என்னைக் கை காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் குத்து விழுந்தது. வாயிலேயே விழுந்தது. கீழே போனதும் வயிற்றில் மிதித்தார்கள். எத்தனை பேர் என்று தெரியாது, பூட்ஸ்தான் தெரிந்தது. ஒருத்தன் என் வலது கையை இழுத்து அச்சின் விளிம்பில் வைத்து அழுத்தினான். “நாங்களும் ஒருக்கா எறக்கிப் பாக்கட்டுமாடா? கதவு மூடித்தான் இருக்குது, பாரு!” என்றான். சூப்பர்வைசர் வந்து அவர்களைப் பிய்த்து எடுத்தார். நான் அழுதேன். என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. “இனிமே செய்யமாட்டேன்” என்று கத்தியிருக்கிறேன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

அடிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டித் தெரியவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஒரு மனிதன் முன்னால் நிற்கிறான், பேசுகிறான், அடுத்த நொடி கை வந்துவிடுகிறது. இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் நர்மதா வெந்நீரில் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள். அவள் விரல் பட்டதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“வலிக்குதுங்களா?” என்றாள்.

“வலிக்குது.”

“கை பக்கத்துல வந்தாலே அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாளைக்கு” என்றாள்.

உடம்பு: உதடு கிழிந்தது, விலாவில் வலி. வேலை: சரி. வீடு: சரி.

ஜூன் 17, திங்கள்

ரங்கராஜ் சார் வழி கண்டுபிடித்துவிட்டார். மெஷின் தன் பதிவில் கதவு மூடியது என்றுதான் எழுதியிருக்கிறது. மூடிய கதவுக்குள் கை எப்படிப் போகும்? அப்படியானால் சின்னராசுவே சென்சாரைக் கழற்றிக் கம்பியால் கட்டி ஏமாற்றியிருக்கிறான். சீக்கிரம் வேலையை முடிக்க இவர்கள் செய்கிற தில்லுமுல்லுதான். ஆலைக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். மெஷினைச் சேதப்படுத்தினான் என்று போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ‘மென்பொருளில் குறையில்லை’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். என்னை உதைத்தவர்களுக்கு நான் ஏன் இரக்கப்பட வேண்டும்?

மத்தியானம் அவன் மனைவி பழனாத்தாள் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டாள். “என்ற புருசன் கதவத் தொறந்துபோட்டுத்தான் கைய விட்டாருங்க! கையும் போயி, போலீசும் வந்து நிக்குதே! வெளிய வாங்கடா!” என்று தெருவே கூடும்படி கத்தினாள். வாட்ச்மேன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். தடுமாறிப் புரண்டதில் நெற்றி படிக்கட்டில் மோதியது. எழுந்தாள். செங்கல் ஒன்றை எடுத்து வீசினாள். வாசல் கண்ணாடி முழுசாகப் பொலபொலவென்று கொட்டியது. அவள் நெற்றியிலிருந்து ரத்தம் வழிகிறது, இன்னொரு கல்லைத் தேடுகிறாள்.

நாங்கள் எல்லாரும் உள்ளே நின்று பார்த்தோம். நர்மதா மட்டும் கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு வெளியே போனாள். தன் துப்பட்டாவை மடித்து அவள் நெற்றியில் வைத்து அழுத்தினாள். இருவரும் படியில் உட்கார்ந்து என்னவோ பேசினார்கள். நர்மதாதான் அதிகம் பேசினாள். அவளுக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

உடம்பு: சரி. வேலை: சரி. வீடு: சரி.

ஜூன் 20, வியாழன்

திங்கட்கிழமை ஆலையிலேயே விசாரணை. அரசாங்கத்திலிருந்து தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். சாஃப்ட்வேரைப் பரிசோதித்தவரும் வர வேண்டுமாம்.

ரங்கராஜ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அவளே ‘பிழை இல்லை’ன்னு மூடின விசயம். அதையே அங்கயும் சொல்லிப்போட்டா முடிஞ்சுது. உன்ற வீட்டுக்காரிய நீ பாத்துக்க” என்றார்.

வீட்டில் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன்.

“நான் மூடினேன்னு சொல்லுவேன். ஏன் மூடினேன்னும் சொல்லுவேன்” என்றாள்.

“ஏன் மூடின?”

“உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அரிசி ஊறப்போட்டிருந்தாள். மாவு ஆட்டவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அந்தச் சத்தம் முருங்கைக்காய் ஒடிப்பது மாதிரி இருந்தது. மிதியடி போட்டிருந்தும் வழுக்கியிருக்கிறது. மட்டமான மிதியடி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “எப்படிம்மா ஆச்சு?” என்று அவளிடம் கேட்டார். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள். நர்ஸ் கேட்டார். அதே வாக்கியம். ஜெயந்தி அக்கா கேட்டார். அதே வாக்கியம். ஊரிலிருந்து அவள் அம்மா போனில் கேட்டார். அதே வாக்கியம். யார் கேட்டாலும், எங்கிருந்து கேட்டாலும், ஒரே அச்சில் வார்த்த மாதிரி. அவளை நினைத்தால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும்.

உடம்பு: சரி. வேலை: சரி. வீடு: சரி.

ஜூன் 22, சனி

ஆபீசில் யாரும் இல்லை. என் கோட்டைத் திறந்து நர்மதா செய்ததை நானும் செய்து பார்த்தேன். சென்சார் மாட்டாமல் ஒரு பிரஸ்ஸை உண்டாக்கினேன். கதவு மூடியது. ஹைட்ராலிக் பிரஸ். கதவு மூடியது. கதவே இல்லாத ஒரு மெஷினை நானே கற்பனையாக எழுதி அந்தக் காலி இடத்தில் போட்டேன். அதற்கும் கதவு மூடியது. எதைக் கொடுத்தாலும் முகத்தைப் பார்க்காமல் எல்லாம் நலம் என்கிறது.

பூஜ்யத்துக்கு ‘தெரியாது’ என்று வைத்தேன். ஒரு வார்த்தைதான். அத்தனை மெஷின்களும் ஓடமாட்டேன் என்று நின்றுவிட்டன. அவள் சொன்னபடியே.

இதே கோடு இப்போது இன்னும் சில ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் எலக்ட்ரீஷியன்கள் லீவு போடுவார்கள். ரங்கராஜ் சாருக்குப் போன் செய்து, இன்றைக்கே திருத்தத்தை எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடலாம் என்றேன்.

“திங்கக்கெழமை வெசாரணைய வச்சுக்கிட்டு இப்பத் திருத்தினா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்டா. மூடு” என்றார்.

மூடினேன். கழிப்பறைக் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தேன். பொறுக்கவில்லை, குத்தினேன். விரல் முட்டியில் சில்லு ஏறி ரத்தம் நிற்கவே இல்லை. வீட்டில் நர்மதாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். கை ஆபீஸ் கதவில் நசுங்கியது என்று சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தாள். நம்பவில்லை.

உடம்பு: விரல் முட்டியில் வெட்டு. வேலை: சரி. வீடு: சரி.

ஜூன் 24, திங்கள்

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் நர்மதா வீட்டில் இல்லை. அவசரமாக அரசூர் போனால், பஸ் பிடித்து எனக்கு முன்னால் வந்து பழனாத்தாளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பழனாத்தாளின் நெற்றியில் தையல். அந்தப் பக்கம் சின்னராசு. துணி சுற்றிய மொட்டைக் கையைத் துண்டால் மூடி வைத்திருந்தான். நான் அவனை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். சாதுவான முகம்.

பிரஸ்ஸுக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டிருந்தார்கள். ஆய்வாளர் ஒரு பெண்மணி, திலகவதி மேடம். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். என்னை உதைத்தவர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். எனக்கு விலா தானாகவே வலிக்க ஆரம்பித்தது.

ரங்கராஜ் சார் பேசினார். மெஷின் பொய் சொல்லாது என்றார். ஆலை மேனேஜரும் பேசினார். சின்னராசு, “நான் கம்பியும் கட்டல, ஒண்ணும் கட்டல மேடம். கதவத் தொறந்தேன், கைய விட்டேன்” என்று மட்டும் சொன்னான். சொல்லும்போது இல்லாத கையை நீட்டினான். பழனாத்தாள் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பிறகு நர்மதாவின் முறை. எழுந்து வந்தாள். ஆய்வாளர் பேனாவை எடுத்தவர், மாவுக்கட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

“கை என்னம்மா ஆச்சு?”

சும்மா விசாரித்ததுதான். எல்லாரும் விசாரிக்கிற மாதிரிதான். பதில் எனக்கு மனப்பாடம். அவள் சொல்வதற்கு முன்னாலேயே என் உதடு அதைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

“இவர் ஒடிச்சாருங்க” என்றாள்.

ஆய்வாளர் பேனாவை மறுபடி எடுத்தார்.

“போன வியாழக்கிழமை ஒடிச்சாரு. இங்க வந்து இதைச் சொல்லுவேன்னு சொன்னதுக்கு. அதுக்கு முன்னாடி மணிக்கட்டை முறுக்கினாரு. சென்சார் இல்லாட்டியும் கதவு மூடியிருக்குன்னு இந்தப் புரோகிராம் சொல்லுதுன்னு மீட்டிங்ல சொன்னதுக்கு. அதனாலதாங்க நான் ‘பிழை இல்லை’ன்னு மூடினேன். மூடாம இருந்திருந்தா இந்த அண்ணனுக்குக் கை இருந்திருக்கும்.”

என் கை எழுந்தது. நான் எழுப்பவில்லை, அது எழுந்தது. நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. அவளுக்கு இரண்டடி தூரத்தில், கையை ஓங்கிக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்மதா நகரவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். அவ்வளவு பழக்கமாக.

“கையை இறக்குங்க மிஸ்டர் பூபதி” என்றார் ஆய்வாளர்.

சுவரோரத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அடிக்கவில்லை. ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அடித்திருக்கலாம்.

“அந்தம்மாளுக்கு ஒரு சேர் போடுங்கப்பா” என்றான் சின்னராசு. “நின்னுட்டே பேசுதே.”

உட்கார்ந்து பேசினாள். காலி இடம், வெறுங்கையோடு பிறப்பது, பூஜ்யம் எல்லாவற்றையும் என்னைவிட நன்றாக விளக்கினாள். பழனாத்தாளுக்குக்கூடப் புரிந்தது. ஆய்வாளர் எழுந்துபோய், விசாரணைக்காக அன்றிலிருந்து யாரும் தொடாமல் வைத்திருந்த பிரஸ்ஸின் கதவைத் தன் கையாலேயே அகலத் திறந்து வைத்தார். திரையைப் பார்த்தார். பச்சை எழுத்து அப்படியே இருந்தது. இந்தக் கோடு ஓடுகிற எல்லா மெஷினையும் இன்றே நிறுத்தச் சொன்னார். சின்னராசு மேல் தப்பில்லை என்று அங்கேயே எழுதினார்.

நர்மதா என்னோடு திரும்பி வரவில்லை. பழனாத்தாளோடு பஸ் ஏறினாள்.

உடம்பு: சரி. வேலை: சரி. வீடு: சரி.

ஜூன் 25, செவ்வாய்

நேற்று எழுதியதை இன்றைக்குப் படித்தேன். கடைசி வரியை நான் தட்டவே இல்லை. அது தானாக வந்திருக்கிறது. மேலே ஏறிப் பார்த்தேன். எல்லா நாளும் வந்திருக்கிறது.

அந்த ‘சரி’யைப் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டேன். இனி நானே எழுத வேண்டும். எழுதாவிட்டால் மூட விடாது.

உடம்பு: சரி. வேலை: தெரியாது. வீடு: பூட்டியிருந்தது, நான் திறந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கோடு எழுதியவன் செய்த தனிப்பட்ட தவறு என்று ரங்கராஜ் சார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரைச் சும்மா விடப்போவதில்லை என்று கொதித்துக்கொண்டு போனேன். வாசலில் புதுக் கண்ணாடி. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான்.

திங்கட்கிழமை காலையில் மகளிர் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜெயந்தி அக்காவும் வந்து சொல்லப்போகிறாராம். “ஆறு வருசமா உங்க வீட்டு டிவி சத்தத்தைக் கேட்டுட்டு இருக்கறேன் தம்பி” என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஸ்டேஷனில் என்ன சொல்வது? நடந்ததைச் சொல்லிவிடலாம். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள், அவ்வளவுதான். நான் மிதியடிகூட வாங்கிப் போட்டேன்.

அதைக் காட்டலாம் என்று எடுக்கப் போனேன். தரையை விட்டு வரமாட்டேன் என்றது. குமிழெல்லாம் உறிஞ்சிப் பிடித்திருந்தது. ஏறி நின்றேன். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு ஏறினேன். சோப்பைக் கரைத்து ஊற்றினேன். ஒற்றைக் காலில் நின்று திருகினேன், குதித்தேன், குதிகாலால் ஓங்கி உதைத்தேன். முழுக்க நனைந்து மூச்சு வாங்கும்வரை செய்தேன். பரிசோதனை என்றால் அவளைப்போலத்தான் செய்ய வேண்டும்.

உடம்பு: நனைந்திருக்கிறது. வேலை: போய்விட்டது. வீடு: மிதியடி வழுக்கவில்லை.